சரித்திர முக்கியத்துவம் இல்லாத தாசம்மாள்

தன் மனைவியின் பேரில் தானே நாட்டிய சுமைதாங்கியில் எவரும் சுமை இறக்கிவிடாதபடி காவல் காப்பதற்கென்று சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட மனிதர் இந்தத் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ஊர் நேசையன். காக்கிக் கோட்டும் அதில் ஒரு பித்தளை வில்லையும் அவருக்குக் கிடைத்த கதையைத்தான் எழுதப் போகிறேன். நான் சரித்திரம் எடுத்து பி.ஏ. தேறியவன், எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ.யும் நான்தான். ஆகவே இதை எழுதும் யோக்கியதை எனக்கு உண்டென்றே நினைக்கிறேன்.

கரமனைப் பாலம் தாண்டி நாகர்கோவில் ரோட்டில் தெற்கே போனால், நேமத்துக்கு அப்பால் ஒரு ஏற்றம் வரும். மோட்டாரில் போகிறவர்களுக்கு அது ஏற்றமென்றே தெரியாது. தலையில் சுமையோடு தெற்கேயிருந்து சாலைக் கம்போளத்துச் சந்தைக்கு நடந்து வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். என் தாயார் எலிசாள் வாரத்தில் பாதி நாள் மரச்சீனிக் கிழங்குக் கூடையோடு அந்த ஏற்றம் ஏறினவள். என் காலேஜ் ஃபீஸ் முழுவதும் அந்த வழியாகத் தலையில்தான் போயிற்று.

நேசையன் கருப்பட்டி சுமப்பவர். நெடிய ஆள். ஓலைப் பெட்டியைத் தலையில் வைத்தால் கழுத்து அசையாமல் கண்ணை மட்டும் உருட்டிப் பார்ப்பார். சுமை இல்லாதபோதும் அப்படியே பார்த்துப் பழகிவிட்டது. கொல்லம் ஆண்டு ஆயிரத்து எண்பத்தைந்தில் அவர் மனைவி தாசம்மாள் முதல் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே இறந்துபோனாள்.

வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி போனால், அவள் இறக்கி வைக்க முடியாத சுமையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருக்கிறாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதற்காக அவள் பேரில் ரோட்டோரத்தில் ஒரு சுமைதாங்கி நாட்டுவார்கள். இரண்டு கல்தூண், மேலே குறுக்காக ஒரு பலகைக்கல், ஏறக்குறைய ஆள் உயரம். தனியாக வருகிறவர் பிறர் கை உதவியில்லாமல் சுமையை அதன்மேல் தள்ளி வைக்கலாம். இளைப்பாறிவிட்டு அப்படியே தலைக்கு வாங்கிக்கொள்ளலாம். இங்கே ஒரு சுமை இறங்கினால் அங்கே அவளுக்கு அந்த மட்டுக்குப் பாரம் குறையும்.

தூண்கள் நேசையனுக்குச் சுலபமாகக் கிடைத்தன. குறுக்குக் கல்லுக்குத்தான் அலைந்தார். கடைசியில் பள்ளிச்சல் பக்கம் ஒரு குளத்து வீட்டில் துணி துவைக்கப் போட்டிருந்த நீளக் கல் ஒன்று கண்ணில் பட்டது. அதில் ஒரு பக்கம் முழுக்க என்னவோ கிறுக்கல் வெட்டியிருந்தது. கிறுக்கலில் உரசினால் அழுக்கு நன்றாகப் போகும் என்று அந்த வீட்டுப் பெண்கள் கல்லைக் கொடுக்க மனமில்லாமல் இருந்தார்கள். இரண்டு பெட்டி கருப்பட்டியைப் பார்த்த பிறகு மனம் வந்தது. நேசையன் கிறுக்கல் பக்கத்தைக் கீழே பார்க்க வைத்து, வழவழப்பான பக்கத்தை மேலே வைத்தார். கிறுக்கல் மேலே இருந்தால் சுமை ஆடும்.

நாட்டிய அன்றே சபை உபதேசியார் ஞானையன் குடையோடு வந்து நின்றார்.

"நேசையா, இதென்ன அஞ்ஞானம்? ஞானஸ்நானம் எடுத்தவன் செய்யுத காரியமா இது?"

"சுமை எறக்கி வைக்கது அஞ்ஞானமா, உபதேசியாரே?"

"எறக்குதது அஞ்ஞானம் இல்ல. எறக்கினா அவளுக்கு லேசாவும்னு நெனைக்கது அஞ்ஞானம்."

"அப்போ எறக்குதவன் எறக்கட்டும். நெனைக்கத நான் நெனைச்சுக்கிடுதேன்."

உபதேசியார் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் அவரே நெய்யாற்றின்கரையிலிருந்து சபைக்குப் பாட்டுப் புத்தகப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. சுற்றுமுற்றும் பார்த்தார். பெட்டியைக் கல்லின்மேல் தள்ளினார். புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருந்த நேசையன் எழுந்து வந்து, "லேசாச்சா?" என்று கேட்டார்.

உபதேசியார் வெகு கோபமாக, "ஆச்சு" என்றார்.

அன்று தொடங்கிய வழக்கம் அது. சுமை இறக்குகிற எவரையும் நேசையன் "லேசாச்சா?" என்று கேட்பார். "ஆச்சு" என்ற பதில் வந்தால்தான் நகர்வார். சிலர் விளையாட்டுக்கு "ஆகல்ல" என்பார்கள். அவர் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு உடனே "ஆச்சு, ஆச்சு" என்று மாற்றிக்கொள்வார்கள். மறுகலியாணத்துக்குப் பெண் பார்த்துச் சொன்னவர்களிடம், "அவ நின்னுக்கிட்டு இருக்கா. நான் எங்க போய் இருக்கது?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இப்படியே கால் நூற்றாண்டு போயிற்று.

இனிமேல்தான் சரித்திரம் வருகிறது.

அந்த நாளில் திருவனந்தபுரத்தில் தென்பாதை சரித்திரச் சின்னக் கமிட்டி என்று ஒன்று இருந்தது. பென்ஷன் வாங்கின பெரியவர்கள் பத்துப் பேர் சேர்ந்து, ரோட்டோரத்தில் எங்கெங்கே என்னென்ன நடந்ததென்று கல் நாட்டுவது அதன் வேலை. 'இந்த ஆலமரத்தடியில் ஒரு படை கஞ்சி குடித்தது', 'இங்கே ஒரு தளவாயின் குதிரைக்கு லாடம் கழன்றது' என்றெல்லாம் இங்கிலீஷிலும் மலையாளத்திலும் கல்லில் இருக்கும். மோட்டாரில் போகிறவர்கள் படித்துத் தெளிய வேண்டும் என்பது நோக்கம். ஓடுகிற வண்டியில் இருந்தபடி படிக்க வாசகம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. வண்டியை நிறுத்திப் படிக்கட்டும் என்று ஒரு கட்சி. கமிட்டிக் காரியதரிசி பிச்சுமணி ஐயர் நிறுத்துகிற கட்சி. கரமனை அக்ரஹாரத்துக்காரர், சர்க்கார் கச்சேரியில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், கல்வெட்டுப் படிக்கத் தாமே கற்றுக்கொண்டவர். நல்ல மனிதர். தமக்குத் தெரியாதென்று ஒரு விஷயத்தைச் சொல்ல மட்டும் அவருக்கு வராது.

ஒருநாள் அவர் போன டாக்ஸி கார் எங்கள் ஏற்றத்தில் பஞ்சராகி நின்றது. உச்சி வெயில். புளியமரத்தடியில் செவ்வெறும்பு; வேறு நிழல் தேடி, மேல்வேஷ்டியை விரித்துச் சுமைதாங்கியின் கீழே மல்லாந்து படுத்தார். கண்ணை மூடப் போனவர் மூடவில்லை. தலைக்குமேல் கல் முழுக்க எழுத்து!

நேசையன் கருப்பட்டிப் பெட்டியோடு ஏற்றம் ஏறி வந்தபோது, கல்லுக்குக் கீழேயிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சுமைக்காரன் பாதத்தைப் பார்த்து நிற்பானா? பெட்டியை மேலே தள்ளினார்.

"வைக்காதே! எடு, எடு! ஐந்நூறு வருஷமாக்கும்!" என்று கீழேயிருந்து ஒரு குரல் கத்தியது.

"ஆராக்கும் கீழ கெடக்கது?"

"நான் ஆராயிருந்தா நோக்கென்ன? இது ராஜா வச்ச கல்லு. வட்டெழுத்து. மேலே என்னத்தைக் கொண்டு வந்து வைக்கறே?"

நேசையன் குனிந்து பார்த்தார். "ராஜா இல்ல சாமி. நானாக்கும் வச்சது."

"நீயா? ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாலே நீ இருந்தியோ?"

"இல்ல சாமி. எண்பத்தஞ்சுல. எனக்க வீட்டுக்காரிக்காக."

"கல்லு ஏது?"

"குளத்து வீட்டுக்காரங்க துணி தொவைக்கப் போட்டிருந்தாங்க. வாங்கிட்டு வந்தேன்."

பிச்சுமணி ஐயர் கீழேயிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். முதுகெல்லாம் செம்மண். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"அப்படிச் சொல்லு! ராஜா இந்த இடத்திலே வச்ச கல்லை அந்தப் படுபாவிகள் பெயர்த்துண்டு போய் வேஷ்டி துவைச்சிருக்கா. நீ திரும்பக் கொண்டு வந்து அதே இடத்திலே வச்சிருக்கே. நோக்கே தெரியாமல்! சரித்திரம் ஒன் கையைக் கொண்டு பண்ணிண்டிருக்கு, கேட்டியோ?"

"இந்த எடத்துல கல்லு ஒண்ணும் இருக்கல்ல சாமி. வெறும் முள்ளுக்காடு."

"எப்படி இருக்கும்? அதான் பெயர்த்துண்டு போயிட்டாளே!"

நேசையன் பெட்டியைத் தலைக்கு வாங்கிக்கொண்டு நடந்தார். இதற்குப் பதில் இப்போது யோசித்தாலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கல்வெட்டில் இருந்தது என்னவென்றால், யாரோ ஒரு சிற்றரசர் ஏதோ ஒரு கோயிலில் விளக்கெரிக்க ஆடுகள் தானம் செய்த சங்கதி. அரசர் பெயரில் முன்பாதி உடைந்து 'வர்மன்' என்பது மட்டும் மிச்சம். இந்த நாட்டு ராஜாக்களில் பெரும்பாலோர் அப்படித்தான் முடிகிறார்கள் என்பதால், பிச்சுமணி ஐயர் தமக்குப் பிடித்த வர்மனைத் தேர்ந்துகொண்டார். ஆடு வழிப்போக்கர்களுக்குப் பால் தர. விளக்கு வழி காட்ட. ஆகவே இது வழிப்போக்கர்களுக்காக ராஜா கட்டிய சுமைதாங்கி. கமிட்டிப் பெரியவர்கள் பத்துப் பேரும் இரண்டு மோட்டாரில் வந்து, ஒருவர் பின் ஒருவராகக் கல்லின் கீழே மல்லாந்து படுத்துப் பார்த்து ஆமோதித்தார்கள். என் தாயார் அதைப் பார்த்துவிட்டு வந்து, "எல்லாவனும் ஒவ்வொருத்தனா செத்துச் செத்து எந்திக்கானுவ" என்று வீட்டில் சொன்னாள்.

தீர்மானம் நிறைவேறியது. சுற்றிலும் இரும்பு வேலி போட வேண்டும். பக்கத்தில் அறிவிப்புக் கல் நாட்ட வேண்டும். ஐந்நூறு வருஷம் சுமை தாங்கிய கல் இனிமேலும் பழுதாகாதபடி அதில் சுமை வைப்பதை அறவே தடுக்க வேண்டும். அதற்கு ஒரு காவல்காரன் வேண்டும். வேலி அந்த மாதமே வந்துவிட்டது. கமிட்டிக்குச் சட்ட பலம் ஒன்றும் கிடையாது. ஆனால் காக்கிக் கோட்டும் வில்லையும் இருக்கும் இடத்தில் எங்கள் பக்கத்து ஜனங்கள் சட்டத்தைத் தேடுவதில்லை.

"இவனையே வச்சுடலாம். கல்லை விட்டு நகர மாட்டேங்கறான்" என்றார் பிச்சுமணி ஐயர்.

நேசையன் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டதும் என் தாயாருக்கு ஆற்றாமை தாங்கவில்லை. மரச்சீனிக் கூடையைத் தலையில் வைத்தபடியே வேலிக்கு வெளியே நின்று பொரிந்தாள்.

"அண்ணே, கோட்டு நல்லாத்தான் இருக்கு. தாசம்மைக்க சுமைய யாரு எறக்குவா? ஒமக்க வில்லையா?"

"பிள்ளே எலிசா, நான் வேண்டாம்னா வேற ஒருத்தன வைப்பாவ. அவன் நெசமாட்டே வெரட்டுவான்."

"நீரு பொய்யாட்டா வெரட்டப் போறீரு?"

நேசையன் சற்று நேரம் கண்ணை மட்டும் உருட்டிக் கல்லைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். பிறகு தலைத்துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டித் தன் தலையில் வைத்துக்கொண்டு வேலிப் பக்கம் வந்து நின்றார்.

"இங்க தள்ளு."

"எங்க?"

"எனக்கத் தலையில."

அன்று முதல் ஏற்றத்தில் ஒரு காக்கிச் சுமைதாங்கி நின்றது. வருகிறவர்கள் அவர் தலைக்குச் சுமையை மாற்றிவிட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். அவர் ஒரு கையால் சுமையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வேலிக்குள் விட்டுக் கல்லைத் தொட்டபடி நிற்பார். "எனக்க கை வழியா கல்லுக்கு எறங்கும்" என்பது அவர் சித்தாந்தம். உபதேசியாரிடம் இதுபற்றி அபிப்பிராயம் கேட்டபோது, இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் தம் கட்சியை விடாத அந்த மனிதர், "கல்லு வழியா எறங்காதுன்னு நான் சொன்னதுக்கப்புறம், கை வழியா எறங்குமான்னு எங்கிட்டயே கேக்கியே!" என்று நொந்துகொண்டார்.

என் தாயார் மட்டும் ஒப்பவில்லை. "அவ பாரத்த எறக்கப் போயி ஒமக்க கழுத்து எறங்குது. மனுஷன் மேல வச்சா அது கைமாத்து. எறக்குதது ஆவாது" என்றாள். நேசையனுக்கும் அந்தச் சந்தேகம் உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும். சுமை மாற்றினவர்களிடம் அவர் "லேசாச்சா?" என்று கேட்பது நின்றுபோயிற்று. ராத்திரி சொப்பனத்தில் தாசம்மாள் கழுத்து அசையாமல் கண்ணை உருட்டிப் பார்க்கிறாள் என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார்.

இந்தக் கோலத்தில் ஒருநாள் பிச்சுமணி ஐயர் வந்துவிட்டார். வெளியூர் விருந்தாளிகள் இரண்டு பேரை அழைத்து வந்திருந்தார். காவல்காரன் தலையில் மரச்சீனிக் கூடை. ஒரு கை வேலிக்குள். மரத்தடியில் ஐந்தாறு பெண்கள்.

"என்னய்யா இது?"

"காவல், ஏமானே." கோட்டுப் போட்ட நாள் முதல் 'சாமி' போய் எஜமானுக்குரிய 'ஏமானே' வந்திருந்தது.

"காவல்காரன் தலையிலே மரச்சீனி எதுக்கு?"

"கல்லுல வைக்கப்பிடாதுன்னு ஏமான் சொல்லியாச்சு. எனக்கத் தலையில வைக்கப்பிடாதுன்னு சொல்லல்ல."

பிச்சுமணி ஐயர் வாயைத் திறந்தார். அதற்குள் விருந்தாளிகளில் ஒருவர் காமிராவை எடுத்துவிட்டார். "பேஷ்! பழங்காலத்திலே எப்படிச் சுமை வைப்பான்னு ஆளை வச்சே காட்டறேளா? நல்ல யோசனை!" என்றார். பிச்சுமணி ஐயர் வாயை மூடி, மீண்டும் திறந்து, "கமிட்டியோட ஏற்பாடாக்கும்" என்றார்.

இதற்குப் பிறகுதான் அறிவிப்புக் கல் பேச்சு எழுந்தது. மோட்டாரில் உட்கார்ந்தபடி பார்த்தால் தெரிய வேண்டும் என்று பிச்சுமணி ஐயர் ஒரு படம் போட்டுக் கொண்டுவந்தார். இரண்டு கால் நாட்டி, நடுவில் எழுத்துப் பலகை. கல் வேலைக்கு வந்தவர் தங்கையன், எங்கள் பக்கத்துக் கல்தச்சர். நேசையன் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏமானே, மேல ஒரு மூடுகல்லு வேணும்."

"எதுக்கு?"

"மழைத் தண்ணி எழுத்து மேல வழிஞ்சா பாசி பிடிக்கும். ஒரு முழம் அகலத்துல தட்டையா ஒரு கல்லு வச்சா எழுத்து நனையாது."

"அட, யோஜனை தெரிஞ்சவனாயிருக்கியே! சரி, உசரம்?"

"ஏமான் காருல இருந்து பாக்கணும் இல்லியா? ஆள் உயரம் இருக்கட்டும்."

தங்கையன் உளியைத் துடைத்துக்கொண்டே வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். பிச்சுமணி ஐயர் இன்னொன்றும் கேட்டார்: "வேற ஏதாவது உண்டோ?"

நேசையன் துணிந்துவிட்டார். "ஒரு பேரு மட்டும் சேத்து வெட்டணும் ஏமானே. தாசம்மாள்னு."

"ஆதாரம் உண்டோ? கல்வெட்டு? செப்பேடு?"

"நான் உண்டு."

"நீ ஆதாரமாக மாட்டே. ஆதாரம்னா பழசா இருக்கணும்" என்று சொல்லி அவர் காரில் ஏறிவிட்டார்.

அன்று சாயங்காலம் என் தாயார் என்னைக் கூப்பிட்டாள். நான் அப்போது பி.ஏ. கடைசி வருஷம். "லே, இவ்வளவு படிச்சியே, தாசம்மாள்னு தப்பில்லாம எழுதத் தெரியுமாலே?" என்று கேட்டாள். நேசையனுக்கும் தங்கையனுக்கும் எழுத்து வாசனை கிடையாது. மூடுகல்லின் மேல்முகத்தில், நட்ட நடுவில், கரித்துண்டால் நான் எழுதிக் கொடுத்தேன். தங்கையன் வெட்டினார்.

"மேல வெட்டினா எவன் பாப்பான்?" என்று அவர் கேட்டார்.

"எவனும் பாக்கண்டாம். சுமை அவமேல இருந்தா போதும்" என்றார் நேசையன். "அந்தக் கல்லுல இருக்கது வேற எவனுக்கோ பேரு. இவ்வளவு காலமும் சுமையெல்லாம் அவனுக்குப் போயிருக்குமோன்னு எனக்குப் பயமாட்டு இருக்கு."

அந்தப் பயத்தை அதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கல்லில் எழுத்து இருக்கிறது, அது ஒரு ராஜாவின் பெயர் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

திறப்பு விழாவுக்கு ஓய்வுபெற்ற ஜட்ஜி சாம்பசிவ ஐயர் வந்தார். ஆறடி உயரம், வெண்பட்டுத் தலைப்பாகை. வாழைமரம், நாகஸ்வரம், நாற்காலிகள், வடை, காப்பி எல்லாம் உண்டு. சுமைக்காரர்கள் வேடிக்கை பார்க்கச் சுமையோடு நின்றார்கள். நேசையன் கோட்டின் எல்லாப் பொத்தான்களையும் போட்டுக்கொண்டு புதுக் கல்லின் பக்கத்தில் நின்றார். கமிட்டி சார்பில் ஜட்ஜிக்கு ஒரு மாலையும், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய ஓர் ஈட்டிமர யானையும் பரிசளித்தார்கள். ஜட்ஜி யானையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் பட்டுத்துணியை இழுத்தார். கைதட்டினார்கள்.

ஜட்ஜி முன்பக்கத்து வாசகத்தைப் படித்தார். பிறகு, உயரமான மனிதரல்லவா, மேலே பார்த்தார்.

"இது யாரு, தாசம்மாள்?"

பிச்சுமணி ஐயர் எட்டிப் பார்த்தார். எட்டவில்லை. நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறிப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. மறுகணம் எல்லாம் வந்துவிட்டது.

"அதாக்கும் விசேஷம்! இந்தச் சுமைதாங்கியைக் கட்டின ராஜாவோட பட்டமகிஷி. பெயர் இப்போதான் தெரிய வந்தது."

"மகிஷியோட பெயர் உள்ள கல்லா!" என்று ஜட்ஜி உருகிவிட்டார். "அப்போ இதுக்கும் ஒரு வேலி போட்டுடலாமே. செலவை நான் ஏத்துக்கறேன்."

நான் நேசையனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலி என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் கழுத்தே திரும்பியது. கால் நூற்றாண்டில் முதல் தடவையாக இருக்கும்.

"வேலி வேண்டாம் ஏமானே. அவ ராணி இல்ல."

"பின்னே?"

"எனக்க வீட்டுக்காரி."

 நாகஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். ஜட்ஜி, யானையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பென்ஷன் வாங்கி எத்தனை வருஷமானால் என்ன, வழக்கு என்று ஒன்று காலடியில் வந்து விழுந்தால் விடுவாரா?

"சாட்சி உண்டா?"

"நான் உண்டு" என்று கூடையோடு முன்னால் வந்தாள் என் தாயார்.

"நீ யாரு?"

"மரச்சீனி எலிசாள். அந்தா நிக்குதானே, பி.ஏ.க்குப் படிக்கான், அவனுக்க அம்மை."

"தாசம்மாளை நோக்குத் தெரியுமோ?"

"தெரியாமலா? எனக்க வெட்டுக்கத்திய வாங்கிட்டுப் போனவ திருப்பித் தராமலே செத்துப்போனா."

"ராணி மாதிரி இருப்பாளா?"

"ராணியா! ரெண்டு சேலை. அதுல ஒண்ணு எனக்கது."

"யுத்தம், கித்தம் ஏதாவது?"

"உண்டு. கெணத்தடியில, எனக்க கூட. குடம் உடைஞ்சது."

"யாரு ஜெயிச்சா?"

என் தாயார் சற்று யோசித்தாள். "அவதான்" என்றாள்.

ஜட்ஜி தலையை ஆட்டினார். "தானம், தர்மம்?"

"தேங்காத் துண்டு தின்னா பாதி தருவா. பிள்ள உண்டானப்புறம் அதும் தரல்ல."

ஜட்ஜி கண்ணை மூடி யோசித்தார். பிறகு எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார்: "விசாரிச்ச வரையிலே, மேற்படி தாசம்மாள் ராஜ வம்சம் அல்ல. அவளுக்கும் அவள் பேர் உள்ள கல்லுக்கும் சரித்திர முக்கியத்துவம் எதுவுமே இல்லை. ஆகையினாலே வேலியோ பாதுகாப்போ அவசியமில்லை."

நேசையன் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. "ரொம்ப உபகாரம் ஏமானே. ஒண்ணுமே இல்ல ஏமானே. ஒரு முக்கியத்துவமும் இல்ல."

"ஆனா ஒரு சந்தேகம் பாக்கி இருக்கு" என்றார் ஜட்ஜி, பழைய கல்லைப் பார்த்து. "ராணி இல்லேன்னா, அப்போ அந்தக் கல்லு…?"

 பத்துப் பெரியவர்கள், இரும்பு வேலி, முன்பக்கத்தில் வெட்டிய இங்கிலீஷ், மலையாளம் எல்லாம் நேசையனின் வாயைப் பார்த்து நின்றன. ஒரு வார்த்தை போதும். நேசையன் கண்ணை மட்டும் உருட்டி ஐயரைப் பார்த்தார்.

"அது பழசு ஏமானே" என்றார். "ரொம்பப் பழசு. சாமிக்குத்தான் தெரியும்."

பிச்சுமணி ஐயர் மேல்வேஷ்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பேரும் இருந்துட்டுப் போகட்டும் சார். மேலேதானே இருக்கு. மோட்டார்லே போறவாளுக்குத் தெரியாது" என்றார். 

காப்பி வந்தது. ஜட்ஜி வாங்கக் கை நீட்டினார், கையில் யானை. சுற்றிலும் பார்த்தார். யானையை வாங்கிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. அவர் பக்கத்தில் இருந்த புதுக் கல்லின்மேல் அதைத் தள்ளி வைத்துவிட்டு, பெருமூச்சு விட்டு, காப்பித் தம்ளரை வாங்கினார்.

நேசையன் ஓரடி முன்னால் வந்தார்.

"லேசாச்சா, ஏமானே?"

ஜட்ஜி ஒரு வாய் காப்பி குடித்தார். "ஆச்சு" என்றார்.

"ஜட்ஜியே எறக்கி வச்சாச்சு!" என்று கத்திக்கொண்டு என் தாயார் கூடையை யானைக்குப் பக்கத்தில் தள்ளினாள். அவளுக்குப் பின்னால் வரிசை ரோட்டுவரை நீண்டது.

இப்போது அந்த ஏற்றத்தில் இரண்டு சுமைதாங்கிகள் நிற்கின்றன. வேலிக்குள் இருப்பதன்மேல் ஓணான் வெயில் காய்கிறது. நேசையன் இன்றும் காக்கிக் கோட்டோடு அதைக் காவல் காக்கிறார். ஆனால் உட்கார்ந்திருப்பது மற்றதன் பக்கத்தில். போன மாதம் நான் வேலையிலிருந்து லீவில் வந்தபோது என்னைக் கூட்டிப்போய் மேலே பார்க்கச் சொன்னார். கரியால் நான் எழுதி, தங்கையன் வெட்டிய எழுத்து பாதி தேய்ந்துவிட்டது. முதலெழுத்தும் கடைசி எழுத்தும் கையால் தடவினால்தான் தெரியும்.

"தங்கையனைக் கூப்பிட்டு மறுபடியும் ஆழமா வெட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"நீ என்னத்த பி.ஏ. படிச்சியோ!" என்றார் நேசையன். கையால் ஒருமுறை அந்த இடத்தைத் துடைத்தார். "பாதி எறங்கியாச்சுலே. மீதியும் எறங்கட்டும்."

தெற்கேயிருந்து ஓலைக் கட்டோடு ஒருத்தி ஏறி வந்துகொண்டிருந்தாள். அவர் எழுந்து நின்றார்.